கத்தாத அப்பாக்கள்

போன மே மாதம், பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சோமனூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி ஹாலில் சமுத்திரக்கனியின் ‘அப்பா’ படத்தைத் திரையிட்டார்கள். ஊர்ப் பசங்க நாலு பேர் சேர்ந்து நடத்தும் வாசகர் வட்டம் அது. மாதம் ஒரு புத்தகம் பேசுவார்கள். எட்டுப் பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் டீக்காக. இந்த முறை ‘பெற்றோருக்கான நகைச்சுவைத் திரைப்படம், அனுமதி இலவசம்’ என்று வாட்சப்பில் போட்டதில் அறுபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். காலையில் ஏதோ சீர் நடந்திருக்கிறது. ஹாலில் வாழையிலை வாசம் இன்னும் போகவில்லை. விசைத்தறி ஊரில் திரைக்கா பஞ்சம்? தறியிலிருந்து இறங்கிய காடாத் துணியையே கட்டியிருந்தார்கள். அகலம் பத்தாமல் இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்ததில், படம் முழுக்க தம்பி ராமையாவின் முகத்துக்கு நடுவே ஒரு தையல் ஓடிக்கொண்டிருந்தது.

படத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்ட சாமிக்கண்ணு வின்சென்ட்தான் பிற்பாடு கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். நம் காலத்தில் கோணங்கள் திரைப்படக் கழகம், பெர்க்ஸ் பள்ளியின் சின்ன அரங்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் உலகப் படங்களை இலவசமாகப் போட்டது. நான் முதலில் பார்த்த ஓஸு படம் அப்படிக் கிடைத்த ஒரு பழக்கத்தால் வந்தது. ஓஸுவுக்குப் பிறகு வருகிறேன்.

அப்பாவை நான்தான் கூட்டிப்போனேன். அதில் ஓர் உள்நோக்கம் இருந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2011இல் பத்தாவது முடித்ததும் என்னை நாமக்கல் மாவட்டத்தில் ஒரு ரெசிடென்ஷியல் பள்ளியில் சேர்த்துவிட்டார். இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி நானும் அவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நாம் பேசாததை ஒரு படம் பேசட்டுமே என்று நினைத்தேன். சினிமாவைப் பற்றி எழுதுகிறவனுக்கு வரக்கூடாத ஆசை அது. படத்தைத் தூதுக்கு அனுப்புகிறவன் படத்தைப் பார்க்கமாட்டான், பக்கத்து நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

‘அப்பா’ 2016 ஜூலை 1 அன்று வந்தது. பெரிய நட்சத்திரம் கிடையாது. சமுத்திரக்கனியே எழுதி, இயக்கி, நடித்து, தன் சொந்த நிறுவனத்தில் தயாரித்தார். மூன்று அப்பாக்களின் கதை. தயாளன் (சமுத்திரக்கனி) பிள்ளையை அதன் போக்கில் வளரவிட நினைப்பவர். சிங்கப்பெருமாள் (தம்பி ராமையா) பிள்ளையின் மொத்த வாழ்க்கையையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டவர். எதிலும் அவன் முதலாவதாக வரவேண்டும், பக்கத்து வீட்டுப் பையனை முந்தவேண்டும். நடுநிலையான் (நமோ நாராயணா) இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிட்டுப் போ என்று பிள்ளைக்குச் சொல்லித்தருகிறவர். பெயர்களிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. தயாளன் என்று பேர் வைத்த ஆள் படத்தில் தப்பு செய்ய வாய்ப்பே இல்லை.

முதல் பாதியில் ஹால் சிரித்தது. வயிறு குலுங்கச் சிரித்தது என்றே சொல்லலாம். தம்பி ராமையா சாதாரண நடிகர் இல்லை, ‘மைனா’வுக்காகத் தேசிய விருது வாங்கியவர். பதற்றத்தை உடம்பில் ஏற்றத் தெரிந்தவர். வேட்டியை ஏற்றிக் கட்டும்போதே அவருக்குள் ஒரு போட்டி நடந்துகொண்டிருப்பது தெரியும். சிங்கப்பெருமாள் கண்ணை உருட்டுகிறார், குரலை உயர்த்துகிறார், கையை ஓங்குகிறார், பெண்டாட்டியைப் பேசவிடாமல் அடக்குகிறார். ஒவ்வொன்றுக்கும் ஹாலில் சிரிப்பு. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் அதிகமாகச் சிரித்தார். அவர் மகளின் போட்டோ போட்ட ஃப்ளெக்ஸ் அந்த வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. என் அப்பாவும் சிரித்தார். நடுவில் ஒருதரம் என் தொடையைத் தட்டி, “இப்படியும் இருக்கறானுங்க பாரு” என்றார்.

நான் எதிர்பார்த்தது இதை இல்லை. குறுகுறுப்பு வரும், நெளிவார், தண்ணி குடிக்க எழுந்து போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் இந்தப் படத்தில் எனக்கு நெடுநாளாகப் பிடிபடாத ஒன்று பிடிபட்டது. சிங்கப்பெருமாள் கத்துகிறார். எங்கள் அப்பாக்கள் யாரும் கத்தியதே இல்லை.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் பக்கம் பிள்ளைகளையே ‘ங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார்கள். ‘சாமி, சாப்ட்டீங்களா’, ‘கண்ணு, போயித் தூங்குங்க’. அஞ்சு வயசுப் பையனுக்கும் மரியாதை உண்டு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு உருகுவார்கள். உருகத் தக்கதுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ‘ங்க’வுக்குள் எதை வைத்தும் அனுப்பலாம். எனக்குப் பதினோராம் வகுப்பின் முதல் காலாண்டில் இயற்பியலில் 200க்கு 158. அப்பா ரேங்க் கார்டை வாங்கிப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “பரவால்லீங்க சாமி. நம்மனால ஆனது அவ்வளவுதான?” என்றார். அவ்வளவுதான். கத்தல் இல்லை, அடி இல்லை. அந்த ‘நம்மனால’வை அதற்கப்புறம் எத்தனையோ ராத்திரி ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு உருட்டியிருக்கிறேன். ஓங்கிய கையைத் தடுக்கலாம், குனிந்து தப்பிக்கலாம். இந்த மரியாதைக்கு எதிராக ஒன்றும் செய்யமுடியாது.

சிங்கப்பெருமாள் மாதிரி ஒரு ஆளைத் திரையில் வைத்தால் ஹாலில் இருக்கும் ஒவ்வொரு அப்பாவும் ‘நான் அவனில்லை’ என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கேலி, சிரிக்கிறவரைத் தொடாத தூரத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடப் படங்கள் பலவற்றுக்கும் இந்த நோய் உண்டு. கெட்ட அப்பாவை அடையாளம் காட்டும் அவசரத்தில் அவரைப் பூதக்கண்ணாடியில் வைத்துவிடுகிறோம். அதற்கப்புறம் அந்த உருவம் யாருக்கும் சொந்தமாக இருப்பதில்லை.

எங்கள் பள்ளியில் மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் பார்க்க வரலாம். இதைவிட நல்ல நகைச்சுவைக் காட்சியை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. காலை ஒன்பது மணிக்குக் கேட் திறப்பார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளிகள், கோபியில் மஞ்சள் போட்டிருப்பவர்கள், பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள், எங்கள் மாதிரி தறிக்காரர்கள், ஒன்றிரண்டு வாத்தியார்கள். வேப்ப மரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்து டிபன் கேரியரைப் பிரிப்பார்கள். முதல் போட்டி அங்கேயே ஆரம்பிக்கும். எங்கம்மா அரிசிம்பருப்பு சாதமும் நெய்யும் எடுத்துவந்தால் பக்கத்து ஜமுக்காளத்தில் பள்ளிபாளையம் சிக்கன் இருக்கும். அடுத்த மாதம் எங்கள் கேரியரில் ஒரு அடுக்கு கூடியிருக்கும். பிறகு அப்பாக்கள் மெதுவாக எழுந்து பேண்டைத் தட்டிவிட்டு நடப்பார்கள். நேராக மார்க்கைக் கேட்பது அநாகரிகம். மழையில் தொடங்கவேண்டும்.

“ஏனுங்க, உங்கூர்ல மழைங்களா?”

“எங்கீங்க. போர்ல தண்ணி எறங்கிப்போச்சு.”

“தம்பி எந்த செக்சனுங்க?”

“ஏ ஒண்ணுங்க.”

அவ்வளவுதான். செக்‌ஷன்கள் மார்க் வரிசையில் பிரிக்கப்பட்டவை. ஏ-ஒன் என்றால் எவ்வளவு, ஏ-த்ரீ என்றால் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். ஏ-த்ரீ பையனின் அப்பா, “ஒடம்பு நல்லா இருந்தாப் போதுமுங்க, மார்க்கு என்னங்க மார்க்கு” என்பார். ஏ-ஒன் அப்பாவும் உடனே, “ஆமாங்க, மார்க்கு என்னங்க” என்பார். ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே பிரிவார்கள். திரும்பி வரும் வழியில் ஏ-த்ரீ அப்பாவின் நடை மாறியிருக்கும். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பையனின் தட்டில் இன்னொரு துண்டு கறியை வைத்து, “தின்னுங்க கண்ணு, தெம்பு வேணுமில்ல” என்பார். அந்தக் கறித்துண்டு தொண்டையில் இறங்காது. நான் ஏ-டூவில் இருந்தேன். எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும்.

அந்தப் பள்ளிகளை ‘பிராய்லர் பள்ளி’ என்று எழுதி எழுதி அந்தச் சொல்லே தேய்ந்துவிட்டது. சொன்னவர்களில் பலர் கோழிப்பண்ணைக்குள் போயிருக்கமாட்டார்கள். எங்கள் பக்கம் பிராய்லர் வளர்ப்பு பெரும்பாலும் ஒப்பந்த முறையில் நடக்கிறது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. ஏறக்குறைய நாற்பது நாளில் கோழியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். சோமனூர்த் தறியும் பாதிக்கு மேல் இப்படித்தான். பாவு நூலை ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், துணியை அவரே வாங்கிக்கொள்வார், நமக்கு மீட்டருக்குக் கூலி. கூலி உயர்வு கேட்டு வருஷக்கணக்கில் போராட்டம் நடந்த ஊர் இது. என் அப்பா முப்பது வருஷம் துணி நெய்தார். அதில் ஒரு மீட்டர்கூட அவருடையது இல்லை. அடுத்தவன் நூல், அடுத்தவன் கோழி. ‘என்ற பையன்’ என்று சொல்லும்போது எங்கள் பக்கத்து ஆட்களின் குரல் ஒருவிதமாக இறங்கும். ‘என்ற’ என்றால் என்னுடைய. அவர்கள் கையில் அதுவரை அப்படிச் சொல்லிக்கொள்ள வேறெதுவும் இருந்ததில்லை என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். இதை நியாயப்படுத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் சிங்கப்பெருமாளிடம் எனக்கு இல்லாமல்போவது இதுதான். அவர் எதற்காக இப்படி ஓடுகிறார் என்று படம் ஒருமுறையும் கேட்பதில்லை. பேராசை என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறது.

இடைவேளைக்குப் பிறகு ஹால் மாறியது. சிங்கப்பெருமாள் தன் மகனை இழக்கிறார். இளையராஜாவின் இசை மேலேறுகிறது. ஹாலில் மூக்குறிஞ்சும் சத்தம். முன்வரிசைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்தார். இந்தக் காட்சிகளைக் குறை சொல்வது எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் அப்படி நடக்காமல் இல்லை. ரிசல்ட் வாரத்தில் பேப்பரைத் திறந்தால் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். அதுவரை சிரிப்புப் பொருளாக வைத்திருந்த ஒரு மனிதரைத் திருத்துவதற்கு ஒரு பிள்ளையின் உயிரைப் படம் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பையனுக்கென்று தனியாக ஒரு ஆசை, ஒரு குறும்பு, ஒரு கெட்ட பழக்கம்கூட நம் மனதில் நிற்பதில்லை. அப்பாவுக்கான பாடமாகவே அவன் வாழ்ந்து முடிகிறான். பிள்ளையைக் கருவியாக்காதே என்று சொல்லும் கதை, தன் வேலைக்கு ஒரு பிள்ளையைக் கருவியாக்குகிறது.

பார்வையாளருக்கும் இதில் ஒரு வசதி இருக்கிறது. மரணம் வந்துவிட்டால் அளவுகோல் அங்கே போய்விடும். “நம்ம பையன் நல்லாத்தானே இருக்கான், வேலைக்குப் போறான், நம்ம ஒண்ணும் அந்த அளவுக்குப் போகலையே.” உயிரோடு இருப்பதே அப்பாவுக்கான நற்சான்றிதழ் ஆகிவிடுகிறது. என் பள்ளியில் என்னோடு படித்தவர்களில் பெரும்பாலானோர் உயிரோடுதான் இருக்கிறார்கள். நல்ல சம்பளம் வாங்குகிறார்கள். ஒருவன் இன்றும் தூங்கும்போது நாலரை மணிக்கு எழுந்து உட்காருவதாகச் சொன்னான். அவனைப் பற்றிய படம் இது இல்லை.

அடுத்தது தயாளன். நல்ல அப்பா. தனியார் பள்ளியிலிருந்து மகனை எடுத்து அரசுப் பள்ளியில் சேர்க்கிறார். மனைவியோடு முரண்படுகிறார். பிள்ளைகளோடு தோழனாகப் பேசுகிறார். அவர் வாய் திறந்தால் எல்லாமே கல்வெட்டில் பொறிக்கலாம் போல வரும். கடைசியில் என்ன நடக்கிறது? அவருடைய மகன் நீச்சலில் பேர் வாங்குகிறான். அவர் ஊக்கம் கொடுத்ததில் நடுநிலையானின் மகன் மயில்வாகனத்தின் கவிதைகள் புத்தகமாகின்றன. கைதட்டல், மேடை, பெருமிதக் கண்ணீர். அதாவது தயாளனும் ஜெயிக்கிறார். சிங்கப்பெருமாள் ஓடிய அதே பந்தயத்தில் வேறு வழியாக ஓடி முந்துகிறார். பிள்ளையை அதன் போக்கில் விட்டால் அது சும்மா ஒரு சாதாரண ஆளாக வளரலாம், நீச்சலும் தெரியாமல் கவிதையும் வராமல் மளிகைக்கடை வைக்கலாம் என்ற சாத்தியத்தைப் படத்தால் தாங்க முடியவில்லை. சுதந்திரமும் பலன் காட்டவேண்டும் என்கிறது. காலாண்டுத் தேர்வு மாதிரிதான்.

இது சமுத்திரக்கனியின் தனிப்பட்ட பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம் வந்த பாண்டிராஜின் ‘பசங்க 2’இலும், துறுதுறுப்பை அடக்கமுடியாத பிள்ளைகள் கடைசியில் மேடையில் திறமை காட்டித்தான் பெற்றோரின் அங்கீகாரத்தைப் பெறவேண்டியிருந்தது. ‘அப்பா’வுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் 2016 ஜூன் 24 அன்று ‘அம்மா கணக்கு’ வந்தது. வீட்டுவேலை செய்யும் அம்மா, மகளின் வகுப்பிலேயே போய் உட்கார்ந்து அவளோடு போட்டி போட்டுப் படிக்கிறாள். ‘அம்மா கணக்கு’விடம் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம் உண்டு. அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்து கணக்கில் முழிக்கிறாள், ஓட விடுகிறவர் ஓடவும் செய்கிறார். ஆனால் அங்கேயும் மார்க்தான் கடைசி நீதிபதி.

சரி, கொங்குக்காரர்களுக்குச் சிரிக்கத் தெரியாதா? தமிழ் சினிமாவின் நக்கலில் பாதி இங்கிருந்துதான் போனது. உடுமலைப் பக்கம் வல்லக்குண்டபுரத்திலிருந்து கவுண்டமணி போனார். சோமனூரிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கும் சூலூரிலிருந்து மணிவண்ணன் போனார். அவரும் சத்யராஜும் சேர்ந்து 1994இல் ‘அமைதிப்படை’யில் ஓர் அரசியல்வாதியைக் கட்டி, நக்கல் செய்தே உரித்துப்போட்டார்கள். 1995இல் பாலுமகேந்திராவின் ‘சதி லீலாவதி’யில் கமல்ஹாசனும் கோவை சரளாவும் பேசிய கொங்குத் தமிழை இன்றும் மீம்களில் பார்க்கிறோம். ‘சதி லீலாவதி’யை நான் முக்கியமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ‘ங்க’ எவ்வளவு பெரிய நகைச்சுவை ஆயுதம் என்று தெரிந்துகொண்டு எடுத்த படம் அது. பெண்டாட்டியிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத் தவிக்கும்போதும் மரியாதை மாறாத பேச்சில் ஒரு மனிதன் எவ்வளவு பயத்தை மறைக்கமுடியும் என்று அதில் பார்க்கலாம். அதே காதோடு யாராவது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடிக்கு வந்திருந்தால்?

வரவில்லை. கொங்கு நக்கல் வழக்கமாக எதிரே நிற்பவனை நோக்கித்தான் போகும். பந்தா காட்டுகிறவனை இறக்கிவிடுவதில் எங்கள் ஆட்கள் மன்னர்கள். வீட்டுக்குள்ளே, பிள்ளையின் ரேங்க் கார்டுக்கு முன்னால், அந்தக் குசும்பு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று தெரியவில்லை. 2017 மே மாதம் பொதுத்தேர்வில் மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து ரெண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்துவதைத் தடுக்க, அந்தக் கல்வியாண்டிலேயே பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1200 மார்க் 600 ஆனது. அப்போது பள்ளிக்கல்வி அமைச்சர் கோபியைச் சேர்ந்த செங்கோட்டையன், நம்ம ஊர்க்காரர். மணிவண்ணன் இருந்திருந்தால் ஒரு முழுப்படம் எடுத்திருப்பார். ரேங்க் போனதும் ஃப்ளெக்ஸ் போகவில்லை. மார்க் வரம்பு போட்டு, ‘580க்கு மேல் இத்தனை பேர்’ என்று தலைகளை அடுக்கினார்கள். பிறகு நீட் வந்தது, கோச்சிங் வந்தது. ஃப்ளெக்ஸில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் வந்தன.

ஓஸுவுக்கு வருகிறேன். ‘பிறந்தோம், ஆனால்…’ என்று தமிழில் சொல்லலாம், 1932இல் வந்த மௌனப்படம். ஒரு குமாஸ்தா தன் முதலாளியின் வீட்டுப் பக்கமாகக் குடிவருகிறார். அவருடைய ரெண்டு பையன்களும் அக்கம்பக்கப் பசங்களோடு சண்டை போட்டு மேலே வருகிறார்கள், முதலாளியின் மகனையே அதட்டுகிறார்கள். யாருடைய அப்பா பெரியவர் என்று பசங்களுக்குள் தகராறு. ஒருநாள் முதலாளி வீட்டில் அவர் எடுத்த சின்னச் சின்னப் படங்களைத் திரையிடுகிறார்கள். அதில் தங்கள் அப்பா முதலாளியைச் சிரிக்கவைக்க முகத்தைக் கோணிக்கொண்டு கோமாளித்தனம் செய்வதைப் பையன்கள் பார்க்கிறார்கள். ஹாலே சிரிக்கிறது. அவர்கள் வீட்டுக்கு வந்து அப்பாவை வாரிவிடுகிறார்கள், சாப்பிடமாட்டோம் என்று உட்கார்ந்துகொள்கிறார்கள். யாரும் சாவதில்லை. காலையில் அப்பா பக்கத்தில் வந்து உட்கார, பசி தாங்காமல் சோற்று உருண்டையைத் தின்றுவிடுகிறார்கள்.

சோமனூரில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்தது. ஓஸுவின் படத்தில் திரையில் ஆடுகிற கோமாளியும் பார்க்கிறவரும் ஒரே ஆள். எழுந்து ஓட வழி கிடையாது. அப்பாவின் பெருமை எப்படித் தயாராகிறது, அதற்கு அவர் ஆபீசில் என்ன விலை கொடுக்கிறார் என்று பிள்ளைகளுக்கு ஒரே நொடியில் தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறமும் சோறு தின்கிறார்கள். அந்தச் சோற்று உருண்டையில் இருக்கிற விட்டுக்கொடுத்தல் ‘அப்பா’வின் முழு இரண்டாம் பாதியிலும் இல்லை. 2006இல் வந்த அமெரிக்கச் சுயாதீனப் படம் ‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’ இன்னொரு உதாரணம். ஜெயிப்பதற்கு ஒன்பது படிகள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் விற்கப் பார்த்துத் தோற்ற ஒரு அப்பா, மகளை அழகிப் போட்டிக்கு ஓட்டை வேனில் கூட்டிப்போகிறார். கடைசியில் அந்தக் குண்டுப் பெண் மேடையில் ஆடுவதைப் பார்த்துச் சபை முகம் சுளிக்கும்போது, இறக்கிவிடச் சொன்னால் அவரும் மேடையேறி ஆடுகிறார். அவள் ஜெயிப்பதில்லை. அவர் அசிங்கப்படுகிறார், மகிழ்ச்சியாக. தயாளன் ஒருமுறையாவது அப்படி அசிங்கப்பட்டிருந்தால் நான் அவரை நம்பியிருப்பேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ‘அப்பா’வை நான் தூக்கிப்போடவில்லை. ஃப்ளெக்ஸ் தொங்கும் ஊரில், ஃப்ளெக்ஸ் வைத்தவர்களையே உட்காரவைத்துக் காட்ட நமக்கு இருக்கிற படம் இதுதான். தம்பி ராமையாவின் சிங்கப்பெருமாள், எழுதியவர் அவருக்குக் கொடுத்ததைவிடப் பெரிய ஆள். மகனைப் பார்க்கும் சில பார்வைகளில் பேராசையைத் தாண்டி வேறொரு பயம், தன்னைப்போல் இவனும் ஒன்றுமில்லாமல் போய்விடுவானோ என்கிற பயம், வந்துபோகிறது. அந்தப் பார்வைகளை மட்டும் வைத்து இன்னொரு படத்தைக் கட்டலாம்.

படம் முடிந்ததும் கலந்துரையாடல். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ஒரு ரிட்டயர்டு ஆசிரியர் அப்துல் கலாம் பற்றி ஏழு நிமிஷம் பேசினார். ஒரு அம்மா எழுந்து, “என்ற பொண்ணுக்குப் படம் வரையறதுதான் இஷ்டமுங்க, நான் விட்டுட்டேனுங்க” என்றார், எல்லோரும் கைதட்டினார்கள். “மாவட்ட அளவுல ரெண்டு ப்ரைஸ் வாங்கிட்டாங்க” என்று சேர்த்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: “தம்பி, அந்தப் பையன் மாதிரி நீச்சல் கத்துக்குடுக்கறதுக்கு இங்க பக்கத்துல கோச்சிங் எங்கீங்க இருக்குது? ஃபீஸ் எவ்வளவு வருமுங்க?” சத்தியமாகக் கேட்டார். நடத்திய பசங்க சிரிப்பை அடக்கமுடியாமல் மைக்கை அணைத்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது, அந்த மனிதர் படத்தைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்.

வண்டியில் திரும்பும்போது அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். கருமத்தம்பட்டி ரோடு வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்.

“அந்தாளு என்ன அப்படிக் கத்தறான். நான் உங்கள ஒருநாளாச்சும் கத்தியிருக்கறனாங்க சாமி?”

“இல்லீங்கப்பா.”

கொஞ்ச தூரம் போனோம். லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

“அந்த பிசிக்ஸ் மார்க்கு 158தான?”

எனக்கு ஹேண்டில் ஒரு கணம் ஆடியது. பதினாலு வருஷம். சட்டைப் பையில் மடித்துவைத்தவர் அந்த எண்ணை எங்கேயும் எறியவில்லை.

“ஆமாங்கப்பா.”

“அன்னிக்கு உங்கம்மாகிட்ட 178ன்னு சொல்லிட்டேன். அந்தப் பக்கத்து ஜமுக்காளத்துக்காரங்ககிட்டயும்.”

நான் சிரித்தேன். கண்ணாடியில் பார்த்தால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அது பந்தி ஹாலில் சிரித்த சிரிப்பு இல்லை. மேற்கொண்டு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அவருடைய போன் அடித்தது. ஈரோட்டு அத்தை. அவர் பேரனுக்கு ரிசல்ட் வந்த வாரம் அது. “சொல்லுங்க கண்ணு, எவ்வளவுங்க?” என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பொடக்காலிப் பக்கம் போனார். அங்கிருந்து அவர் குரல் மெதுவாகக் கேட்டது. மழையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.